டோக்காயில் ஒரு கையெழுத்து

ஆக்லாந்து நகரின் எல்லர்ஸ்லியில் நாங்கள் வேலை செய்த அலுவலகத்துக்குப் பெட்டி கொண்டுவரும் கூரியர்க்காரர்கள் அவரைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள். மற்ற இடங்களில் அரை நிமிட வேலை. பெட்டியை இறக்கி, தாளை நீட்டி, கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம். இவரிடம் அது நடக்காது. தாளில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கும். நல்ல நிலையா என்று பார்க்காமல் எப்படிப் போடுவது? கத்தியை எடுத்துப் பெட்டியைத் திறப்பார். பன்னிரண்டு போத்தல்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிப்பார். வந்தவன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்பான். கடைசியில்தான் பேனாவின் மூடி கழலும்.

"என் மூக்குக்குள்ள போகாதது என் பேனாவுல வராது லா," என்பார் என்னிடம், தமிழில்.

மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த பெண்மணி. ரசாயனம் படித்தவர். திருமணம் செய்யவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஐம்பத்தைந்து வயதிருக்கும். வைன் இறக்குமதி செய்யும் எங்கள் நிறுவனத்தில் தரம் பார்ப்பது அவர் வேலை. எந்த நாட்டிலிருந்து எது வந்தாலும் அவர் முகர்ந்து, வாயில் வைத்து, துப்பி, தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் கடைகளுக்குப் போகும். அவர் எழுதியதை டைப் செய்வது நான். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். நான் மட்டும் அக்கா என்றேன்.

பெயரை எழுதாமல் விடுகிறேன். தன் பெயர் எதன் கீழே வருகிறது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர். அவர் படித்துப் பார்க்காத ஒரு தாளில் அந்தப் பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை.

அவர் இருக்கும் அறைக்குள் பூ வைத்துக்கொண்டு போக முடியாது. பவுடர் கூடாது. நான் மத்தியானத்தில் இடியப்பம் கொண்டுபோனால் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்துதான் சாப்பிடவேண்டும். விருந்துகளுக்கு அவரை அழைக்கவே பலருக்குப் பயம். மாசி என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு குடும்பம் வீடு குடிபுகுந்தபோது பாயசம் கொடுத்தார்கள். வீட்டுக்காரி ஆசையோடு, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். "பால் அடிப்பிடிச்சிருச்சி. ஏலக்கா போட்டு நல்லா மறைச்சிருக்கீங்க," என்றார் அக்கா. சொல்லிவிட்டு முழுக் கிண்ணத்தையும் குடித்தார். அந்தப் பெண் அதற்குப் பிறகு பல மாதம் என்னோடு கதைக்கவில்லை.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் மாசியிலிருந்து வரும் வழியில் சற்று வளைந்து, பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் நிற்பவரை ஏற்றிக்கொண்டு எல்லர்ஸ்லிக்குப் போவேன். நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாங்கள் நெருங்கினோம். ஏறியவுடன் "பசியாறியாச்சா?" என்பார். நான் என் தம்பியைப் பற்றிச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுக்க வெளிக்கிட்டபோது தம்பியும் வெளிக்கிட்டான். வன்னியில் சில மாதம் அலைந்து, எப்படியோ கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜில் நாலு பேரோடு இருந்தான். கொழும்பில் தமிழ்ப் பெடியன்களுக்கு அப்போது ஒவ்வொரு நாளும் கண்டம். சுற்றிவளைப்பு வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். தம்பி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஆய்வுகூட உதவியாளனாக இருந்தவன். எங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு இடம் காலியாக இருந்தது. அக்கா வேலை தருவதாக ஒரு கடிதம் கொடுத்தால் விசாவுக்குப் போடலாம். ஆனால் ஐந்து வருட அனுபவமாவது இருந்தால்தான் விண்ணப்பம் எடுபடும் என்று இங்கே ஒரு முகவர் சொன்னார்.

கடிதத்தை நானே டைப் செய்து அவர் மேசையில் வைத்தேன். வாசித்தார். மூடியிருந்த பேனாவை எடுக்கவில்லை.

"அஞ்சு வருஷமா?"

"ரெண்டுதான் அக்கா. ஆனா ஐஞ்சு எண்டு போட்டாத்தான் எடுப்பாங்களாம்."

"ரெண்டுன்னு எழுதி கொண்டா. இப்பவே போடறேன்."

"ரெண்டு போட்டுப் பிரயோசனமில்லை அக்கா. ஆரும் போய்ப் பாக்கப்போறதில்லை. ஒரு எழுத்துத்தானே."

"அதான் லா. ஒரு எழுத்துதான்." கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "முடியாது மா."

நான் அழுதேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஆனால் தாளைத் திரும்ப எடுக்கவில்லை. மறுநாள் காலை நான் பிளாக்ஹவுஸ் பே பக்கம் திரும்பாமல் நேரே போய்விட்டேன். மழை நாள். ஒன்பதரைக்கு நனைந்த குடையோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரை ஏற்றவே இல்லை. மே மாதத்தில் லாட்ஜில் சுற்றிவளைப்பு நடந்து தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே மூன்று வாரம் ஆயிற்று. அலுவலகத்தில் எல்லோரும் வந்து என் தோளைத் தொட்டார்கள். அக்கா வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த நிலைமையில்தான் முதலாளி எங்கள் இருவரையும் ஹங்கேரிக்கு அனுப்பினார்.

அங்கே பழைய அரசாங்கம் போய், அரசுக் கிடங்குகளெல்லாம் தனியார் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். நல்ல வைன் மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, முதலாளி பெரிய கடைகளுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா போய் நாலு பிரதேசங்களில் ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கார் ஓட்டவும் குறிப்பு எடுக்கவும் நான். மறுத்தால் என் வேலை போகும். வேலை போனால் கொழும்பில் தம்பியின் வக்கீலுக்குப் பணம் அனுப்ப வழியில்லை. பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

புடாபெஸ்டில் ஒரு சின்னக் கார் வாடகைக்கு எடுத்தோம். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், வீதியில் வலது பக்கம். கியரைத் தேடி என் இடது கை கதவில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சந்தியிலும் அக்கா, "வலது. வலது. வலது," என்பார். அந்த ஒரு சொல்லைத் தவிர முதல் நாள் முழுக்க எங்களுக்குள் பேச்சில்லை.

பாலட்டோன் ஏரிக்கரையில், கவிழ்த்த பானைகள் போன்ற கரிய மலைகளின் சரிவில் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. மூன்று இடங்களில் ருசி பார்த்தார். ஒன்றுக்குத்தான் கையெழுத்து. மற்ற இரண்டு தோட்டக்காரர்களும் மேசையில் பன்றி இறைச்சியும் ரொட்டியும் வைத்துக் காத்திருந்தவர்கள். ஒருவனின் மனைவி வெளியே போய் நின்று அழுததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

தெற்கே வில்லானி என்ற ஊருக்குப் போகிற வழியில் எல்லை கிட்ட வந்தது. அந்தப் பக்கத்தில் யூகோஸ்லாவியச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ராணுவ லாரிகள் வரிசையாகப் போயின. ஒரு வளைவில் துப்பாக்கியோடு ஒருவன் கையைக் காட்டி நிறுத்தினான். நான் எஞ்சினை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன், உள்ளே விளக்கைப் போட்டேன், இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேலே தெரியும்படி வைத்தேன். யாரும் சொல்லாமலே எல்லாம் தன்பாட்டில் நடந்தது. அவன் லாரிகளைக் கடக்கவிடத்தான் நிறுத்தியிருந்தான். பட்டப்பகலில் எரிகிற விளக்கை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். மறுபடி கிளப்பும்போது கார் இரண்டு தடவை அணைந்தது.

"மெதுவா," என்றார் அக்கா. கொஞ்ச தூரம் போனபின், "உங்க ஊர்ல இப்படித்தான் நிப்பாட்டுவாங்களா?" என்று கேட்டார்.

நான் கியரை மாற்றினேன்.

எகர் என்ற ஊரில் சிவப்பு வைன் பார்த்துவிட்டு, கடைசியாக டோக்காய்க்கு வந்தோம். முதலாளியின் கணக்கில் பயணமே அதற்காகத்தான். அந்த மலையடிவாரத்தில் திராட்சையைக் கொடியிலேயே சுருங்கவிட்டு, அதன் மேல் ஒரு வகைப் பூஞ்சை பிடித்தபின் ஒவ்வொரு பழமாகப் பொறுக்குவார்கள். அதிலிருந்து வரும் இனிப்பு வைனுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி.

பெலா என்ற தரகன் எங்களை வரவேற்றான். நாற்பது வயது, நல்ல கோட்டு, நல்ல ஆங்கிலம். எங்கள் பைகளைத் தானே தூக்கினான். இலோனா என்ற விதவை நடத்திய விடுதியில் அறை எடுத்துத் தந்தான். போலீசில் பதிய வேண்டும் என்று சொல்லி எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டான். அது அங்கே வழக்கம்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் என் சிலோன் பாஸ்போர்ட் அவன் கோட்டுப் பைக்குள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் தன் அலுவலகத்தில் ஒரு போத்தலைத் திறந்தான். அக்கா முகர்ந்தார். கண்ணை மூடினார். வாயில் வைத்தார். துப்பும் பாத்திரத்தை நான் நீட்டினேன். அவர் துப்பவில்லை.

"முழுங்கிட்டேன்," என்றார் என்னைப் பார்த்து, பிடிபட்ட பிள்ளையைப் போல. எத்தனையோ வருடத்தில் நான் பார்த்த முதல் தடவை.

பெலா சிரித்துக்கொண்டே தாளை எடுத்து வைத்தான். மூவாயிரம் பெட்டி. அக்கா மிச்சமிருந்த போத்தலைத் தக்கையால் மூடித் தன் பையில் வைத்தார்.

"பீப்பாய்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதுதான் அது, மேடம்."

"இது ஒரு போத்தல். எனக்குக் கையெழுத்துப் போட மூவாயிரம் பெட்டி வேண்டும்."

நாளைக்கு என்றான். நாளைக்குச் சாவிக்காரன் ஊரில் இல்லை என்றான். மூன்றாம் நாள் காலையில் அக்கா அவன் அலுவலகப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். குளவிகள் திராட்சைக் கூடைகளைச் சுற்றிப் பறந்தன. தெருவில் போனவர்கள் சேலை கட்டிய பெண்மணியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். உச்சி வேளையில் பெலா பல்லைக் கடித்துக்கொண்டு வந்து தன் காரின் கதவைத் திறந்தான்.

ஆற்றைத் தாண்டி வெகுதூரம் போனோம். அங்கே நிலவறையும் இல்லை, பீப்பாயும் இல்லை. தகரக் கொட்டகை ஒன்று. உள்ளே பெரிய எஃகுத் தொட்டி. குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்துக் கொடுத்தான். அக்கா மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம்தான். கிளாஸைத் தரையில் வைத்தார்.

"இது வேறு. சாராயம் கலந்திருக்கிறது. சீனிப்பாகு. உலர்ந்த திராட்சையை வேகவைத்த தண்ணீர்."

பெலாவின் சிரிப்பு போய்விட்டது. "உங்கள் முதலாளிக்குத் தெரியும், மேடம். இந்த விலைக்கு வேறு என்ன கிடைக்கும் என்று நினைத்தீர்கள்? கையெழுத்திடுங்கள், ஊருக்குத் திரும்பலாம்."

கொட்டகைக்கு வெளியே அவன் கார் மட்டும்தான் நின்றது. சுற்றிலும் தோட்டம், ஒரு மனிதரும் இல்லை. அவன் கதவில் சாய்ந்து நின்று, சாவியைக் கையில் எறிந்து எறிந்து பிடித்தான்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். சற்று நேரத்தில் காரின் சத்தம் கேட்டது. அவன் எங்களை முந்தவில்லை. பத்தடி தள்ளி, நடை வேகத்தில், பின்னாலேயே வந்தான்.

"அக்கா, போடுங்கோ," என்றேன். "போட்டிட்டுப் போவம். பாஸ்போட் அவனிட்டைக் கிடக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான்."

"பிறகேன்? இது குடிச்சு ஆரும் சாகப்போறாங்களே?"

அவர் நடந்துகொண்டே பேசினார். என்னைப் பார்க்கவில்லை. "அப்ப எனக்கு இருபத்தி மூணு வயசு. ஈப்போ பக்கம் ஒரு சாராய ஃபேக்டரியில மொத வேல. இருபத்தோரு பீப்பா வந்துச்சி. இருபதை டெஸ்ட் பண்ணிட்டேன், எல்லாம் நல்லா இருந்துச்சி. சூப்பர்வைசர் லாரி நிக்குது, போடு போடுன்னாரு. கடைசி பீப்பாவைத் தொறக்காமலே போட்டேன். அது தோட்டத்துக் கூலிங்க குடியிருக்கற லயத்துக்குப் போச்சி. நம்ம ஆளுங்கதான். நாலு பேரு செத்துட்டாங்க. ரெண்டு பேருக்குக் கண்ணு போச்சி." மூச்சு வாங்கினார். "என் பேரு அடியில இருந்துச்சி. யாரும் என்னைப் புடிக்கல. ஃபேக்டரிக்காரன் தாளைக் கிழிச்சிட்டான்."

கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்தது எழும்பி வந்தது.

"அப்ப என்ர தம்பியும் உங்களுக்கு ஒரு பீப்பாவோ? அவன் மனுசன் அக்கா! உள்ள கிடந்து என்ன பாடு படுறான் எண்டு தெரியுமே? உங்கட கை சுத்தமா இருக்கவேணும் எண்டு அவனை விட்டிட்டியள். செத்த நாலு பேருக்கு நீங்கள் செய்யிற பூசை இது. உயிரோட இருக்கிறவன் உங்கட கண்ணில படேல்லை!"

அக்கா நின்றுவிட்டார். காரும் நின்றது. வெயிலில் அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பிறகு திரும்பி நடந்தார். நான் வீதியின் மறுபக்கத்தில் நடந்தேன். ஆற்றுப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது பெலா சலித்து, எங்கள் மேல் புழுதி படிய முந்திக்கொண்டு போனான்.

விடுதிக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. எங்கள் செருப்பைப் பார்த்து இலோனா தலையில் கை வைத்தாள். அவளுக்கு எங்கள் மொழி தெரியாது. எங்களுக்கு அவள் மொழி தெரியாது. சூப் கொடுத்தாள். பிறகு கீழே தன் நிலவறைக்குப் போய், ஒரு சின்னக் குவளையில் வைன் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தாள். களைப்புக்கு மருந்து போல.

அக்கா பழக்கதோஷத்தில் முகர்ந்தார். எழுந்து நின்றுவிட்டார். பையிலிருந்து பெலாவின் மாதிரிப் போத்தலை எடுத்து, இன்னொரு கிளாஸில் ஊற்றி, இரண்டையும் இலோனாவின் பக்கம் நகர்த்தினார். தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

இலோனா ஒன்றை முகர்ந்தாள். மற்றதை முகர்ந்தாள். மறுபடி முதலாவதை. முகம் சிவந்தது. போத்தலைக் காட்டி, "பெலா?" என்றாள். அக்கா தலையசைத்தார். அவள் தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அடித்தாள். கைகளால் அவள் காட்டியதிலிருந்து ஒருவாறு விளங்கிற்று: அவளிடம் இருப்பது ஒரே ஒரு பீப்பாய். மாதிரி பார்க்கவென்று பெலா அதிலிருந்து சில போத்தல்கள் வாங்கிப் போயிருக்கிறான். வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதலாளியின் தொலைபேசி வந்தது. ஆக்லாந்தில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. அவர் கத்தியது எனக்கே கேட்டது. "யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. யாரும் சாகப் போவதில்லை. கையெழுத்தைப் போடுங்கள், இல்லையென்றால் திரும்பி வேலைக்கு வரவேண்டாம்."

"நான் பார்த்ததை எழுதி வைத்துவிட்டு வருகிறேன்," என்றார் அக்கா. தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம், "வேல போச்சி," என்றார். பஸ் போய்விட்டது என்பது போல.

அரைமணியில் பெலா வந்தான். மேசையில் தாளைப் போட்டான். அக்கா பேனாவைத் திறந்தார். அவன் முகம் மலர்ந்தது. 'தொட்டியில் உள்ளது காட்டிய மாதிரி அல்ல. சாராயமும் சீனியும் சேர்க்கப்பட்டுள்ளன. நானே முகர்ந்து பார்த்தேன்' என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக எழுதி, அடியில் முழுப்பெயரைப் போட்டு நீட்டினார்.

அவன் வாசித்தான். மிக அமைதியாக, "இன்னொரு தாள் கொண்டுவருகிறேன். அதுவரை உங்கள் பாஸ்போர்ட்டுகள் பத்திரமாக இருக்கும்," என்றான். என்னைப் பார்த்து, "உங்களுடையது எந்த நாடு? அதைத் தொலைத்தால் கஷ்டம், இல்லையா?" என்றான்.

அக்கா எழுந்து எனக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றார். அவர் பின்னங்கழுத்தில் வியர்வை ஓடியது.

இலோனா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் அந்த இரண்டு கிளாஸ்களும். அவன் மூக்குக்கு முன்னால் நீட்டி ஏதோ கேட்டாள். அவன் சிரித்துச் சமாளித்தான். அவள் குரல் உயர்ந்தது. அவனும் கத்தினான். அவள் அவனைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டே வாசலுக்குப் போய்ப் படலையை அகலத் திறந்தாள். அறுவடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கூடைகளோடு நின்றார்கள். முதலில் இருவர், பிறகு ஆறேழு பேர். அவள் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவர்களில் சிலரும் பெலாவிடம் பழம் விற்றவர்களாக இருக்கவேண்டும். ஒருவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தான். பெலா அவனையும் மற்றவர்களையும் பார்த்தான். தன் காருக்குப் போய் பாஸ்போர்ட்டுகளை எடுத்து வந்து மேசையில் எறிந்தான். ஒன்று வழுக்கிப் பால் கிண்ணத்துக்குள் விழுந்தது. என்னுடையது. அதைத் துடைக்கக்கூட நான் நிற்கவில்லை.

புடாபெஸ்ட் வரை மூன்று மணி நேரம் ஓட்டினேன். பாதி வழியில் அக்கா, "நிப்பாட்டு," என்றார். இறங்கி வீதியோரத்தில் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "தம்பிக்கு என்னா வேல தெரியும்? நெசமா சொல்லு," என்று கேட்டார். என் கோபம் ஆறவில்லை. நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

அந்த வைன் வந்தது. வேறொருவர் கையெழுத்திட்டார். அந்தச் சான்றிதழை டைப் செய்தவள் நான். தம்பியின் வக்கீலுக்கு அனுப்ப எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கடைகளில் அடுக்கிவைத்தார்கள். சனம் வாங்கிக் குடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி சொன்னது சரிதான். ஒவ்வொரு தடவையும் கடையில் அந்த அலமாரியைக் கடக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கா பிளாக்ஹவுஸ் பேயில் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. மார்கழியில் தம்பியை விட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் நிலையத்தின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலை கிடைத்தது. நல்ல செய்தி என்பதால் அதை மட்டும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சரி லா. நல்லது," என்று வைத்துவிட்டார்.

இரண்டு கிழமை போயிருக்கும். தம்பி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, ஒரு மலேசியா அம்மா வந்து நிக்கிறா. உங்களைத் தெரியுமாம். ஒரு கதிரையைப் போட்டு லாப்பில இருந்து என்னைப் பாத்துக்கொண்டே இருக்கிறா. இதைக் கல, அதை அளவெடு எண்டு சொல்லுறா. என்ன அக்கா இது?"

"எத்தினை நாளா?"

"இண்டைக்கு நாலாம் நாள்."

பதினொரு நாள் இருந்தார். டிக்கெட், அறை, எல்லாம் தன் செலவு, வேலையில்லாத நேரம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்து, குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பிரதியைத் தபாலில் போட்டார்.

அதை வைத்து விண்ணப்பித்தோம், விசா கிடைக்கவில்லை. அனுபவம் போதாது என்றார்கள். நான் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஐஞ்சு எண்டு எழுதியிருந்தா கிடைச்சிருக்கும்," என்றேன். "ஆமா," என்றார். தன்னைக் காப்பாற்ற ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஈப்போவில் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். நான் விமான நிலையத்துக்குப் போனேன். இருவரும் ஆளுக்கொரு தேநீர் குடித்தோம். போகும்போது என் கையைப் பிடித்தார், வலிக்கும்படி.

தம்பி வேறு வழிகளில் அலைந்து கடைசியில் டொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தான். லாரி ஓட்டுகிறான். பல வருடம் கழித்து நான் அவன் வீட்டுக்குப் போனபோது அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். எனக்குப் பழைய கோபம் வந்தது.

"இதையேன் மாட்டி வச்சிருக்கிறாய்? இதாலைதானே உனக்கு விசா வராமல் போனது."

அவன் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கொழும்பில ஒவ்வொரு நாளும் நீ ஆர், நீ ஆர் எண்டுதான் கேட்டாங்கள் அக்கா. சொன்னா ஒருத்தரும் நம்பேல்லை. பதினொரு நாள் பக்கத்தில இருந்து பாத்து, நான் ஆர் எண்டு எழுதின ஆள் அவ ஒருத்திதான்."

நான் கிட்டப் போய், அந்த நாளில் முதல் வரியோடு மடித்து வைத்துவிட்ட அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்தேன். ஆங்கிலத்தில் ஐந்தே வரி. 'தேவைப்படும் ஐந்து வருட அனுபவம் இவருக்கு இல்லை. சிறையிலிருந்து வந்தபின் இவர் கை நடுங்குகிறது. ஆனால் அளவு பிழைப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்கிறார். என்னிடம் ஆய்வுகூடம் இருந்தால், சாவியை இவரிடம் கொடுப்பேன்.'